பேர் சொல்லிக் கூப்பிடணும்

சின்மயியின் ஆன்லைன் கணக்கு வகுப்புக்கு ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்திருந்தார்கள். பெட்டிக்கடைக்காரர்கள், மீன் விற்பவர்கள், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட இல்லத்தரசிகள். பெயர் கொடுக்கும்போது இருந்த உற்சாகம் பாடம் தொடங்கியதும் புஸ்ஸென்று போயிற்று. சனிக்கிழமை நேரடி வகுப்பில் அவள் முகமும் ஏழெட்டு கறுப்புக் கட்டங்களும்தான் மிச்சம்.

"வர்ற சனிக்கிழமையும் இப்படின்னா கோர்ஸை மூடிடலாம்மா" என்று மேலாளர் ஷ்யாம்சுந்தர் கையை விரித்துவிட்டார். வேலை போவதைவிட, ஆசை ஆசையாகச் செய்த பாடம் குப்பைக்குப் போகிறதே என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

நினைவூட்டல் மெயில், பரிசுப் புள்ளி, பதக்கப் படம் என்று எல்லாம் அனுப்பிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் பொறுக்காமல் கோவளத்தில் மீன் விற்கும் பூவம்மாளுக்குப் போன் போட்டாள். முதல் வகுப்பில் கேள்வி கேட்டே எல்லாரையும் சிரிக்க வைத்தவள் அவள்.

"ஏன்க்கா வர்றதே இல்ல? பாடம் புரியலையா?"

"புரியாம இன்னா? நீ கூப்டவே இல்லியே டீச்சர்."

"மெயில் அனுப்பினேனே."

"அது ஊருக்கே வர்து. தபால்ல பத்திரிகை போட்டா கல்யாணத்துக்கு எவ போவா? பேர் சொல்லிக் கூப்டணும். நா வர்லன்னு நீ பாத்தியா இல்லியான்னே எனக்குத் தெர்லியே."

சின்மயிக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் பெருங்களத்தூர் ஃபிளாட் கிரகப்பிரவேசத்துக்கு வாட்ஸ்அப்பிலேயே அழைப்பை முடித்து, சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பட்டும் புத்தி வரவில்லை.

"இத்தனை பேரை நான் ஒருத்தி எப்படிக்கா கூப்பிடறது?"

"பொண்ணப் பெத்தவ ஒருத்தியேவா தெருத் தெருவா போயி பத்திரிகை வெக்கிறா? ஆளுக்கொரு தெரு பிரிச்சிக் குடு."

அப்படியே செய்தாள். வகுப்பில் சேர்ந்தவர்களில், கூப்பிட உதவச் சம்மதித்தவர்களை ஊர் ஊராகப் பிரித்து, அவரவர் ஊர்க்காரர்களை அவரவரே அழைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பார்த்துத் தீபாவளிக் கூட்டம். தாம்பரத்திலிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பிய பஸ் ஜி.எஸ்.டி. சாலையில் நகரவே இல்லை. வகுப்பு நேரமும் தாண்டிவிட்டது. பண்டிகையும் அதுவுமாக யார் வரப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"இன்னா டீச்சர், அல்லாரும் பந்தில குந்திகினு கீறோம். கல்யாண வூட்டுக்காரி உன்னத்தான் காணோம்."

"எத்தனை பேர்க்கா?"

"எண்ண முடில. போன்ல தள்ளத் தள்ள மூஞ்சி மூஞ்சியா வந்துகினே கீது." பூவம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "உன்னை யாரும் முறையா கூப்டலியே, அதான் நா கூப்டறேன். சின்மயி, கிளாஸுக்கு வந்துடும்மா."

சின்மயிக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி, மூடியிருந்த ஒரு ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்து, போனிலேயே பாடத்தைத் தொடங்கினாள்.