விரல் அழுந்தாத நரம்பு

மேற்றிசையிற் சாய்ந்த கதிரவன் அந்நகரின் கூரைகள்மேல் உருக்கிய செம்பை ஊற்றினாற்போல் ஒளி பரப்ப, கடைத்தெருவின் ஆரவாரம் அலைகடலென எழுந்து அடங்க, அத்தெருவின் முடிவில் வெண்சுண்ணம் தீட்டிய இசைமன்றம் மட்டும் கதவடைத்து, வாய்பொத்தி அழும் மகளைப்போல் நின்றது. நல்லிசை நாடும் நெஞ்சினீர்! முந்தைய நாள் மாலை அம்மன்றத்தின் பயிற்சியறையில், நாடெல்லாம் போற்றிய பாடகர் கழுத்தில் இறுகிய இரும்பு நரம்போடு உயிரற்றுக் கிடந்தார். கயிலை மலையின்கீழ் நெரிபட்ட இலங்கை வேந்தன், தன் உடல் நரம்பைப் பிடுங்கி யாழிற் பூட்டிப் பாடி, இறைவன் சினத்தைத் தணித்து உயிர் மீண்ட கதையை மறுநாள் மேடையிற் பாடவிருந்தவர் அவர். நரம்பால் உயிர் பிழைத்தவன் கதையைப் பாடவந்தவர் நரம்பாலேயே மாண்டாரே என்று ஊர் வியந்து நின்றது. வியக்க நேரமில்லாத காவல் ஆய்வாளரோ, பாடகரோடு நண்பகலில் தாளத்தைப் பற்றிச் சண்டையிட்ட வீணைக்கலைஞனைப் பிடித்து அடைத்துவிட்டார். அவன் வீணை அவ்வறையிலேயே, விரல் அழுத்தி வாசிக்கும் நரம்புகளுள் ஒன்று குறைந்து கிடந்தது. நண்பகலிலேயே அறுந்துவிட்டது, வீசியெறிந்துவிட்டேன், சினம் தீரத் தனியே நடந்து திரிந்தேன் என்று அவன் சொன்னதை நம்புவார் இல்லை.

அவ்வீணைக்கலைஞன், இசைக்கருவிகளும் அவற்றின் நரம்புகளும் விற்றுவந்த வணிகர் ஒருவரின் மருமகன். ஊர் அவ்வணிகரைக் கம்பிக்காரர் என்றே அழைத்தது. வருவோர் முகத்தைப் பார்த்தே எவர் பேரம் பேசுவார், எவர் பேசியபின் வாங்காமற் போவார் என்று பிரித்தறிந்து, இருவர்க்கும் ஒரே புன்னகையை வழங்கும் திறமுடையவர். அன்று காலைமுதல் மன்றத்து வாயிலில் அழுதுநின்றுவிட்டு, அவர் கடைக்குள் விழிநீரோடு புகுந்தாள் அவர் மகள்.

“அப்பா, உங்களுக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. அதுக்காகத் தூக்குல தொங்கவிட்டுடுவீங்களா?”

“பிடிக்காதுன்னு யாருடி சொன்னா? மாமனார் கடையிலயே வந்து பாதி விலைக்குக் கேக்கற ஆளு அவன் ஒருத்தன்தான். அவனைத் திட்டறதுக்காவது அவன் உயிரோட வேணும். கண்ணைத் துடை, கிளம்பு.”

மன்றத்தின் கூடத்தில், வெள்ளைத்தாளின்மேல் சுருண்ட பாம்பெனக் கிடந்தது அந்நரம்பு.

“இது உங்க மாப்பிள்ளையோட கம்பிதானே பெரியவரே? உள்ளதைச் சொல்லுங்க” என்றார் ஆய்வாளர்.

“தொட்டுப் பாக்கலாமா?”

“பாருங்க. ஆனா கடையில பேசற மாதிரி இங்க பேரம் பேசக்கூடாது.”

கம்பிக்காரர் நரம்பின் அடிப்புறத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு முனையினின்று மறுமுனை வரை மெல்ல இழுத்தார். வாங்கிய நரம்பை ஒரு திங்கள் வீணையிற் பூட்டி வாசித்துவிட்டு, உறையே பிரிக்கவில்லை என்று கூசாமல் திருப்பித் தருவோரை அவர் காலமெல்லாம் பிடித்துவந்த முறை அது. வீணையில் விரலானது நரம்பை, தண்டின்மேல் வரிசையாய்ப் பதித்த மெட்டுகளின்மேல் அழுத்தும். அழுந்த அழுந்த நரம்பின் அடிவயிற்றில் மெட்டுதோறும் ஒரு தழும்பு விழும். கண் ஏமாறினும் நகம் ஏமாறாது. இந்நரம்போ துருவேறிப் பழையதாயினும், நரம்பைத் தாங்கும் குதிரையின்மேற் கிடந்த ஓரிடம் தேய்ந்திருந்ததன்றி, நெடுக வழுவழுப்பாய் ஓடியது. ஆண்டுக்கணக்காய் ஒலித்திருக்கிறது, ஒருமுறையேனும் விரல் அதை அழுத்தியதில்லை. மெட்டே இல்லாத கருவியின் நரம்பு அது. தம்புருவின் நரம்பு.

மருமகன் பிழைத்தான் என்று பூரித்த நெஞ்சம், மறுநொடியே அச்சத்தாற் சுருங்கியது. அம்மன்றத்தில் தம்புரு ஒன்றே. அதை இசைப்பவரும் ஒருவரே.

“என்ன, பேச்சையே காணோம்?” என்றார் ஆய்வாளர்.

“பத்து நிமிஷம் குடுங்க ஐயா. சொல்றேன், மறைக்க மாட்டேன்.”

அடுத்த அறையில், தம்புருவை மடியிற் சாய்த்து அமர்ந்திருந்தார் பாடகரின் தமக்கை. ஊருக்கே அக்கா அவர். இளமையில் தம்பியினும் இனிய குரலுடையவர். ஒரு வீட்டுக்கு ஒரு பாடகர் போதுமெனத் தந்தை சொன்ன அன்றே வாய்மூடி, நாற்பதாண்டுகள் தம்பியின் முதுகுக்குப் பின்னமர்ந்து தம்புரு மீட்டியவர். மேடையைக் காண்போர் எவரும் அவரைக் கண்டதில்லை, ஆய்வாளரும் காணவில்லை.

கம்பிக்காரர் எதிரே அமர்ந்து, நான்கு நரம்புகளையும் ஒவ்வொன்றாய் மீட்டினார். சிறிது பொறுத்து மீண்டும் மீட்டினார். மூன்று நின்ற நிலையில் நிற்க, ஒன்று மட்டும் சுருதியில் மெல்லக் கீழிறங்கியிருந்தது.

“இந்தக் கம்பி எப்ப மாத்தினீங்க அக்கா?”

“போன வாரம்.”

“புதுக் கம்பிதான் இழுபட்டு இறங்கும். போன வாரம் பூட்டினது இந்நேரம் நின்னிருக்கும். இது இன்னும் இறங்குதே.”

அக்கா அந்நரம்பின்மேல் கைவைத்து அதன் ஒலியை அடக்கினார். பின்பு, பிறர் கதையைச் சொல்வார்போல் அமைதியாய்ச் சொன்னார்.

“துருப்பிடிச்ச கம்பியைக் கழட்டிக் கையில வெச்சிருந்தேன். ‘அக்கா, நாளையிலேர்ந்து நீ மேடைக்கு வர வேணாம், மின்சாரப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டேன், அதுவே சுருதி போடும், உன்னை மாதிரி இருமாது’ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். சொல்லிட்டுத் திரும்பி உக்காந்து கண்ணை மூடிப் பாட ஆரம்பிச்சுட்டான்.” அவர் தம் இரு கைகளையும் விரித்துப் பார்த்தார். “அவன் விழுந்து கிடக்கிறான், தம்புருவில ஒரு கம்பி இல்லை. முதல்ல புதுக்கம்பியைத்தான் பூட்டினேன், கம்பிக்காரரே. சுருதி சேத்துட்டுத்தான் அழுதேன்.”

கம்பிக்காரர் அப்புது நரம்பை மீண்டும் பார்த்தார்.

“அந்த இலங்கை ராஜா கதையில எல்லாரும் பாட்டைத்தான் பேசறாங்க” என்றார் அக்கா. “பிடுங்கின நரம்பு வலிச்சுதான்னு யாராவது கேட்டாங்களா?”

“அக்கா, எம்பொண்ணு வெளியில நிக்கறா.”

“தெரியும். காலையிலேர்ந்து அவ அழறது இங்க கேக்குது. சொல்லிடணும்னு வாயைத் திறந்து திறந்து பாத்தேன். நாப்பது வருஷமா மூடின வாய், திறக்கத் தெரியல.” அவர் தம்புருவைச் சுவரிற் சாய்த்தார். “நீங்க சொல்ல வேணாம். உங்களுக்கு அந்தப் பாவம் எதுக்கு? நானே சொல்றேன்.”

எழமுயன்றவர்க்குக் கால் மரத்திருந்தது. கம்பிக்காரர் கைகொடுத்தார். நரம்பு திருகித் திருகிக் காய்த்த அவ்விரல்களைத் தம் கையுள் உணர்ந்தபோது, எதனையும் எடைபோட்டுப் பழகிய அவ்வணிகர் தம் வாழ்நாளில் முதன்முறையாக எடை அறியாது திகைத்தார். மகளின் வாழ்வு ஒரு தட்டில் மீண்டது மெய். மறுதட்டில் ஏறியதை அளக்கும் படிக்கல் அவரிடம் இல்லை.

வாயிலை அடைந்ததும், வழக்கம்போல் கம்பிக்காரர் முன்செல்ல வழிவிட்டு ஒதுங்கி நின்றார் அக்கா. கம்பிக்காரர் அசையவில்லை.

“நீங்க முன்னால போங்க அக்கா” என்றார்.

அக்கா ஒருகணம் தயங்கி, முந்தானையைச் செம்மை செய்துகொண்டு, கூடத்தை நோக்கி முன்னே நடந்தார். அவர் சொன்னவை அனைத்தும், அந்நீண்ட கூடத்தின் கடைசிச் சுவர் வரை, பிசிறின்றித் தெளிவாய்க் கேட்டன.