குறி தப்புகிற துப்பாக்கி

டோ நு யின் அந்த உத்தரவைப் போட்டபோது சுந்தருக்கு முதலில் தன் மனைவியின் நினைவுதான் வந்தது. பாமாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

பர்மாவில், போட்டாதாங் படகுத்துறைக்கு அருகே இருந்த உளுந்துக் கிடங்குக்கு டோ நு யின்தான் முதலாளி அம்மாள். சுந்தர் அங்கே பன்னிரண்டு வருஷமாக மேற்பார்வை பார்த்து வந்தான். அந்த வருஷம், தொண்ணூற்றேழில், மார்ச் மாதம் முடிவதற்குள் கிடங்கின் உத்தரமெல்லாம் புறாக்கள் குடியேறிவிட்டன. மூட்டைகள்மேல் எச்சம் வெள்ளை வெள்ளையாக வழிந்து கிடந்தது. ஏப்ரலில் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் சென்னைக்குக் கப்பல். அதற்கு முன்னால் சரக்கைப் பார்க்க வாங்குகிறவர்களின் ஆள் வருவான். போன தடவை இந்த எச்சத்தைக் காட்டித்தான் அவன் இருநூறு மூட்டையைத் தள்ளிவிட்டுப் போனான்.

"ஒரு புறாகூட இருக்கக் கூடாது, கோ சுந்தர்," என்றாள் அம்மாள், பர்மிய மொழியில். பெண்ணுக்கு 'டோ', ஆணுக்கு 'கோ' என்று பெயருக்கு முன்னால் மரியாதையாகச் சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். "துப்பாக்கி ஒன்று வாங்கிக்கொள். உன் பெயரிலேயே வாங்கு. ஆயுதம் வாங்குவது எனக்கு ஆகாது. நீ சுடும்போது நான் இந்தப் பக்கம் வரவும் மாட்டேன்."

அவள் கெட்டவள் இல்லை. பாமாவுக்கு மூன்று மாதமாகப் பழக்கூடை அனுப்பிக்கொண்டிருந்தவள். எலிப்பொறி வைப்பது, வெறிநாயை அடிப்பது எல்லாம் அவள் தாத்தா காலத்திலிருந்தே அந்தக் கிடங்கில் தமிழ் ஆட்களின் வேலையாக இருந்தது. பாவத்தை இன்னொருவன் தலையில் இறக்கி வைக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

சுந்தருக்குத் தோன்றியது. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிரைக் கொல்லக்கூடாது என்பது அவன் வீட்டுப் பழக்கம். பாமா நாள் தள்ளிப்போனதைச் சொன்ன அன்றிலிருந்து அவன் ஒரு கரப்பான் பூச்சியைக்கூட மிதித்ததில்லை. ஒன்பது வருஷக் கல்யாணத்தில் இது மூன்றாவது கர்ப்பம். முதலாவது நாலாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஏழாம் மாதத்தில் பிறந்து, அழாமலேயே போய்விட்டது. துணியில் சுற்றிய அந்தச் சின்ன பாரத்தை இடுகாட்டுக்குக் கொண்டுபோனவன் அவன்தான்.

முடியாது என்று அம்மாளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவளிடம் போய், வேலை போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

வார்டு அலுவலகத்தில் துப்பாக்கிக்கு அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு பபேடான் கடைத்தெருவில் பீர் முகைதீன் கடைக்குப் போனான். இரும்புச் சாமான் கடை. பின்கட்டில் இரண்டு காற்றுத் துப்பாக்கிகள் இருந்தன. இரண்டும் கையால் பம்ப் அடித்துக் காற்றேற்றி, குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டை இழுத்து ஈயக்குண்டு போட்டுச் சுடுகிற வகை. ஒன்று ஜப்பானில் செய்தது, பழசு. மற்றது எல்லை தாண்டி வந்த சீனத் துப்பாக்கி, புத்தம் புதுசு. விலை ஜப்பான் துப்பாக்கியில் கால்வாசிகூட இல்லை.

"வா தம்பி, வா. பாமா புள்ள சொகமா இருக்கா?"

"நல்லா இருக்கா, பாய்."

"துப்பாக்கி யாருக்கு? ஒனக்கா?" பீர் முகைதீன் சிரித்தார். "எறும்பைப் பார்த்தா சுத்திப் போற ஆளு நீ."

"குடோன்ல புறா."

"அப்ப இந்தப் பளபளப்பு வேணாம். இங்க வா, காட்டுறேன்."

பின்சந்துச் சுவரில் ஒரு அட்டையைச் சாய்த்து வைத்து நடுவில் கரியால் ஒரு புள்ளி வைத்தார். ஜப்பான் துப்பாக்கியில் ஐந்து குண்டு. ஐந்தையும் ஒரு வெற்றிலையால் மூடிவிடலாம் போல் நெருங்கி விழுந்தன. பிறகு சீனத் துப்பாக்கி. அதே பத்து பம்ப், அதே ஆள், அதே புள்ளி. ஒன்று அட்டையின் மேல் மூலையில். ஒன்று கீழே. இரண்டு அட்டையிலேயே இல்லை. கடைசிக் குண்டு அட்டையைத் துளைக்கக்கூட வலுவில்லாமல் பாதியில் சிக்கி நின்றது.

"பாத்தியா? போல்ட்டு சரியா உக்காரல. காத்து ஒழுவுது. ஒரு தடவ வேகமாப் போவும், ஒரு தடவ நொண்டும். குறிமுள்ளு தொட்டா ஆடுது. மலிவுன்னு நாலு பேரு வாங்கிட்டுப் போனான், நாலு பேரும் எங்கிட்ட வந்து சண்ட போட்டான்."

சுந்தர் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தான். நெஞ்சில் ஏதோ இளகியது.

"இதையே குடுங்க, பாய்."

"என்னப்பா, காசு பத்தலையா? மெதுவாக் குடு."

"காசு இல்ல பாய். பாமா முழுகாம இருக்கா. நான் எதையும் கொல்லக்கூடாது. சத்தம் கேட்டாப் போதும், பறந்துரும். குறி தப்பற துப்பாக்கிதான் எனக்கு வேணும்."

 பீர் முகைதீன் துப்பாக்கியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, குறி தப்பும்னா எங்கயும் படாதுன்னு அர்த்தமில்ல. எங்க படும்னு ஒனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

சுந்தர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரமாக இறங்காமல் இருந்த சோறு அன்று இறங்கியது. துப்பாக்கி கிடங்கிலேயே இருந்தது. பாமாவிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூன்று நாள் அவன் நினைத்தபடியே நடந்தது. புறாக்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளிக் கூரைத் தகரத்தைப் பார்த்துச் சுடுவான். டங்கென்ற சத்தத்தில் மொத்தக் கூட்டமும் எழும்பிச் சாளரம் வழியே ஆற்றுப் பக்கம் பறக்கும். அரைமணியில் திரும்பி வரும். மறுபடி சுடுவான். மூட்டை தூக்குகிறவர்களின் தலைவன் கோ தெய்னுக்கு அது பெரிய வேடிக்கை.

"கோ சுந்தர், புறாவுக்கெல்லாம் உன்னை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. நாளைக்கு உன் தோளிலேயே கூடு கட்டப்போகிறது பார்!"

நாலாம் நாள் காலையில் வழக்கம்போல இரண்டு முழம் தள்ளித்தான் குறி வைத்தான். தகரம் சத்தம் போடவில்லை. உத்தரத்தின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த சாம்பல் புறா ஒன்று தலைகுப்புறச் சரிந்து, மூட்டை அடுக்குகளுக்கு நடுவே விழுந்தது.

கை நுழைத்துத் தேடி எடுத்தபோது அது உயிரோடு இருந்தது. குண்டு வலுவில்லாத குண்டு. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் புகுந்து எலும்பை நொறுக்கி உள்ளேயே தங்கிவிட்டது. கண் திறந்திருந்தது. அவனையே பார்த்தது.

சாக்குத் துணி விரித்த கூடையில் வைத்தான். தண்ணீர் வைத்தான், உளுந்தை ஊறவைத்துக் கொடுத்தான். அது தின்னவில்லை. சாகவும் இல்லை. கோ தெய்ன் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் தொட மாட்டேன். நீ சுட்டது," என்றான். அவன் குரலில் இப்போது வேடிக்கை இல்லை.

இரண்டு நாள். சுந்தர் மணிக்கொரு தரம் கூடையைத் திறந்து பார்த்தான். செத்துவிடாதே, செத்துவிடாதே என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. செத்தால் கொன்றவன் ஆகிவிடுவான். ஏழாம் மாதத்தில் கொன்றவன். அது பிழைக்க வேண்டும் என்று அவன் கும்பிடாத சாமி இல்லை. அந்தக் கும்பிடலில் புறாவின் வலி எங்குமே வரவில்லை என்பது அவனுக்குப் புரியவில்லை.

பாமாவுக்குத்தான் முதலில் தெரிந்தது, ஏதோ சரியில்லை என்று. இரண்டாம் நாள் சாயங்காலம் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, சோறு மிஞ்சிக் கிடந்த தட்டையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க, ரெண்டு நாளா சோத்தக் கிண்டிக் கிண்டி வைக்கிறீங்க? வேலைல எதாச்சுமா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னு சொல்ற மூஞ்சியா இது? எங்கிட்ட பொய் சொல்ல இன்னும் கத்துக்கலியே நீங்க."

சொல்லிவிட்டான். உத்தரவு, கடை, கூடை எல்லாவற்றையும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் அழுவாள், வயிற்றைப் பிடித்துக்கொள்வாள் என்று பயந்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"இன்னும் உசுரோடயா இருக்கு? ரெண்டு நாளாவா?"

"ஆமா."

"அப்படியே விட்டு வச்சிருக்கீங்களா?"

"என்னால எப்படி பாமா... புள்ள..."

பாமா வெகுநேரம் கையிலிருந்த துணியையே நீவிக்கொண்டிருந்தாள்.

"போன ரெண்டு தடவையும் நீங்க எதையும் கொல்லல. ஒரு ஈயக்கூட அடிக்கல. நான் பாத்தேனே. அப்புறம் ஏங்க போச்சு?"

அந்தக் கேள்வியை ஆறு வருஷமாக அவன் தன்னிடமே கேட்டுக்கொள்ளாமல் காப்பாற்றி வைத்திருந்தான்.

"ஆஸ்பத்திரில ரெண்டாவது புள்ளைக்கு ஒண்ணரை நாள் வலி. எப்ப முடியும், எப்ப முடியும்னுதான் இருந்துச்சு. பக்கத்துல நின்னவங்க எல்லாம் அவங்கவங்க பயத்துக்குச் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நீங்களும்தான்." அவள் குரல் உயரவில்லை. "என் புள்ளைக்காகன்னு சொல்லி ஒரு உசுர அப்படிக் கெடக்க விடாதீங்க. காலைல போய் முடிச்சு வச்சிருங்க. ஒரே அடியா, வலிக்காம."

விடிந்ததும் பீர் முகைதீன் வீட்டு வாசலில் போய் நின்றான். ஜப்பான் துப்பாக்கியை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டான். எதற்கு என்றதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தானும் கூட வந்தார்.

கிடங்கில் கூடையைத் திறந்தபோது காயத்தில் எறும்பு மொய்த்திருந்தது. பீர் முகைதீன் 'ச்சு' கொட்டினார்.

"தம்பி, நான் பிஸ்மி சொல்லி அறுத்துடறேன். எனக்கு அது விலக்கில்ல. நீ வெளிய போய் நில்லு."

சுந்தர் ஒரு நொடி தயங்கினான். இப்போது இன்னொருவர் அவனுக்காகச் செய்ய முன்வந்திருக்கிறார். அம்மாளுக்கு அவன் செய்ததும் இதுதானே.

"இல்ல பாய். நான் விட்ட குண்டு."

பம்ப் அடித்தான். போல்ட்டை இழுத்துக் குண்டு போட்டுத் தள்ளினான். சாவி திரும்புவது போல அது சுத்தமாகப் போய் உட்கார்ந்தது. குழலைக் கிட்டத்தில் வைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒரே குண்டு. கண் மூடிக்கொண்டது.

ஆற்றங்கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுச் சீனத் துப்பாக்கியை அவரிடம் நீட்டினான். "காசு வேணாம் பாய். இத மட்டும் வேற யாருக்கும் வித்துராதீங்க."

பீர் முகைதீன் போல்ட்டை உருவி எடுத்து, கை ஓங்கி ஆற்றில் எறிந்தார்.

அன்று பத்து மணிக்கு டோ நு யின் முன்னால் நின்றான். "இனிமேல் சுட மாட்டேன், அம்மா. வேலையை விடச் சொன்னால் விடுகிறேன். இரண்டு நாள் கொடுத்தால் சாளரத்துக்கெல்லாம் மீன்வலை கட்டித் தருகிறேன்." பிறகு புறாவைப் பற்றிச் சொன்னான். எத்தனை நாள் கிடந்தது என்பதையும் சொன்னான்.

"என்னிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறாய்?" என்றாள் அவள், முகம் சுருங்கி.

"உங்களுக்குத் தெரிய வேண்டும், அம்மா. உத்தரவு உங்களுடையது."

அவள் கையில் உருட்டிக்கொண்டிருந்த ஜபமாலையை நிறுத்தினாள். அவன் வெளியே போகத் திரும்பினான். "வலைக்கு எத்தனை கெஜம் வேண்டும்?" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது.

மழை தொடங்கிய வாரத்தில் பாமாவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுந்தர் நின்றான். போன தடவை இதே இடத்தில், நான் இதைச் செய்யவில்லை, அதைச் செய்யவில்லை என்று சாமியிடம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை எடுத்துச் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. கதவின் அந்தப் பக்கம் பாமா அலறினாள். அவள் வலியை மட்டும் கேட்டுக்கொண்டு, கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான்.

"பாமா, இங்கதான் இருக்கேன்," என்றான். அவளுக்குக் கேட்டிருக்காது. மறுபடியும் சொன்னான்.

மதியம் இரண்டு மணிக்கு உள்ளே சத்தமெல்லாம் நின்றது. அவனுக்குத் தெரிந்த மௌனம் அது. கண்ணை மூடவில்லை, வேண்டிக்கொள்ளவும் இல்லை.

பிறகு மெலிசாக, கோபமாக, ஒரு குழந்தை அழுதது.