ஈரம் காயாத சுவர்

1

இந்தக் கதை ஒரு பலகையால் வந்தது. எரிச்சலால் வந்தது என்றும் சொல்லலாம். பழைய பள்ளிக்கூடத்தின் முன்கூடச் சுவரில் பழைய பூச்சை உதிர்த்து, சுண்ணாம்பு அரைத்து, புதிதாகப் பூசி முடித்தோம். பூசுகரணையைக் கழுவி வைப்பதற்குள் கட்டடப் பாதுகாப்புக் குழுவினர் வந்து பலகை மாட்டிவிட்டார்கள்: ‘பழமையான சுவர். தொடாதீர்கள்.’ பூசின என் கையே இன்னும் காயவில்லை. (ஆணியையும் அந்த ஈரச் சுவரில்தான் அடித்தார்கள்.)

2

முதல் வரி இப்படி எழுதினேன்: ‘தலைமுறைகளை வளர்த்த அந்தக் கம்பீரமான கட்டடம், காலத்தின் —’

வேண்டாம். குழுவின் அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது.

‘ஓர் ஊரில் ஒரு சித்தாள் இருந்தாள்.’ இது பரவாயில்லை. ஆளாவது வந்துவிட்டாள்.

அவளை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுவோம்; வாய் ஓயாது. அவள் மகள் அதே கட்டடத்தின் பின்னறையில் ஐந்தாவது படிக்கிறாள். வேலை முடிகிற வரைதான் அங்கே வகுப்பு. முடிந்ததும் கட்டடம் நினைவுக்கூடம் ஆகிவிடும், பிள்ளைகள் நெடுஞ்சாலைக்கு அந்தப்புறம் உள்ள பள்ளிக்குப் போக வேண்டும். ரேடியோவின் புருஷன் தீர்த்துச் சொல்லிவிட்டான்: “லாரி போற ரோட்டைத் தாண்டி அனுப்ப மாட்டேன். படிச்சது போதும்.”

ஆக, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுகிறோம். அதற்குச் சுண்ணாம்பு சுமக்கிறது அவள் தலை.

3

பூச்சு வெடிக்காமல் இருக்கக் கொஞ்ச நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்புறம் காயவிட்டுத்தான் வெள்ளை அடிக்கலாம். தெளிக்கிற வேலை ரேடியோவுடையது. மேஸ்திரி நிறுத்தச் சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை. யாரும் பார்க்காதபோது வாளி வாளியாகச் சுவரில் ஊற்றினாள்.

(கட்டட வேலை தெரிந்தவள் இப்படிச் செய்வாளா என்று எனக்கே சந்தேகம். இரண்டு முறை இந்தப் பத்தியை அடித்தேன். அடித்தால் கதையே இல்லை.)

குழுச் செயலாளர் தினமும் வந்து, தொடாதே என்று அவரே மாட்டிய பலகைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

“என்ன மேஸ்திரி, இன்னும் ஈரமா இருக்கு?”

“சுண்ணாம்பு சார். நம்ம அவசரம் அதுக்குத் தெரியுமா?”

“திறப்பு விழாவுக்கு ஆள் சொல்லியாச்சுய்யா!”

“அப்ப அவங்களையே வந்து ஊதச் சொல்லுங்க சார்,” என்றாள் ரேடியோ.

4

முடிவு ஒன்று: செயலாளர் மனம் மாறி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே இருக்கட்டும் என்கிறார். எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

முடிவு இரண்டு: ஊறிய சுவர் பெயர்ந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகள்மேல் — சீ. கதைக்காகப் பிள்ளை தலையில் சுவரைத் தள்ளுகிறவன் நான் இல்லை.

நடக்கக்கூடியதை எழுதிவிடுகிறேன். ஒரு மத்தியானம் மேஸ்திரி கரணைக் காம்பால் சுவரைத் தட்டினார். பொத்தென்று சத்தம் வந்தது. கீழ்ப்பாகப் பூச்சு முழுக்க உப்பிப் பழைய செங்கல்லை விட்டுக் கழன்றிருந்தது. வாளியோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்தார்.

“நீயா?”

“நான்தாண்ணே.”

“அறிவிருக்கா? செங்கல்லே கரைஞ்சு போயிடும். கட்டடமே உக்காந்துரும்!”

“என் பொண்ணு வீட்டுல உக்காந்துருவாளே, அதுக்கு எந்தக் குழுண்ணே இருக்கு?”

மேஸ்திரி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். கோபத்திலா, தூசிக்காகவா, தெரியவில்லை.

“நாளைக்கு அந்தாளு கேப்பாரு. நீ ஊத்தினேன்னு சொன்னா உன் வேலை போகும். நான் தப்பாப் பூசினேன்னு சொன்னா என் பேரு போகும். எதுவும் சொல்லாம மேல வெள்ளை அடிச்சு மூடினா விழா நடக்கும், உன் பொண்ணு படிப்பு நின்னுடும், ஒரு மழைக்குச் சுவரும் போகும். என்னை என்னதான் பண்ணச் சொல்ற?”

5

‘மறுநாள் காலையில் செயலாளர் வந்து, சுவரைத் தொட்டு —’

இதோடு நிறுத்திவிட்டேன். எப்படி எழுதினாலும் யாராவது ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. ரேடியோவையா, மேஸ்திரியையா, அவள் மகளையா? எனக்குக் கை வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். ஆனால் யாரை அனுப்பினீர்களோ, அவரிடம் நேரில் போய் நீங்களே படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.