கோயில் எண்ணெய் பட்ட போல்ட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தென்காசி பஸ் ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். ஸ்பேனரை இடம் மாற்றி வைத்தவனை ஓட ஓட விரட்டியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட மெக்கானிக் முகம்மது மீரான் நான், பேச வேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அறுபத்திரண்டாம் வருஷம், ஆனி மாதம். முதலாளி முப்பிடாதியம்மாள் அக்காவின் பஸ்ஸில் காலையில் ஃப்ளைவீலை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கனத்த சக்கரத்தை என்ஜினோடு பிடித்து நிறுத்துவது ஆறே போல்ட். பெட்ரோலில் கழுவி, திருகு மரையைக் காயத் துடைத்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தடவித்தான் முடுக்குவேன். காய்ந்தபின் தானாகக் கழலாது. எண்ணெய் பட்டால் அரக்கு ஒட்டாது. அதைவிட மோசம், மரை வழுக்கும். கைக்குத் தெரியாமலே போல்ட் அளவு மீறி இறுகி, உள்ளுக்குள் இழுபட்டு, பிறகு ஓட்டத்தில் முறிந்துவிடும்.

கழுவிய போல்ட்களைத் தட்டில் வைத்திருந்தபோது அக்கா வந்தார். அவர் வண்டியில் எந்தச் சாமான் ஏறினாலும் கோயில் விளக்கின் எண்ணெயைத் தொட்டு வைத்த பிறகே ஏற வேண்டும். கண்ணாடிக்கும் ஹாரனுக்கும் வைத்ததில் யாருக்கும் சேதமில்லை. அன்று மத்தியானம் கல்யாணமான மகள் குழல்வாய்மொழியைப் புனலூரில் மாப்பிள்ளை வீட்டுக்கு மறுவீடு அழைத்துப் போகிற பயணம். விடுவாரா?

“ஒரு கொறையும் வரக்கூடாது, சாமி” என்று ஆறு மரையிலும் பூசினார்.

துணியை எடுத்தேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். அவர்கள் சாமிக்கு வைத்ததை நான் துடைத்தால் என்ன நினைப்பாரோ என்று கை கூசியது. அப்படியே முடுக்கித் தொலைத்தேன். ஐந்தாவது போல்ட் அரைச் சுற்று கூடுதலாக, வெண்ணெய் மாதிரிப் போனது. அப்போதும் பேசவில்லை. பஸ் கிளம்பியபோது “பாத்துப் போங்க” என்றேன். வெட்கங்கெட்டவன்!

ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு மூன்று மணிக்குக் கணவாய் ஏறுவார்கள். ஏற்றத்தில் அந்தச் சக்கரம் கழன்றால் தளத்தைப் பிளந்துகொண்டு ஆட்கள் நடுவே வரும். ஆறு புது போல்ட்டையும் அரக்கு பாட்டிலையும் பைக்குள் போட்டுக்கொண்டு, சாரலில் சைக்கிளை மிதித்தேன்.

குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஏறியாயிற்று. டிரைவர் இசக்கிப்பாண்டி என்ஜினை ஓடவிட்டிருந்தார். டக், டக் என்று ஒரு சத்தம். அவர் கிளட்சை மிதித்ததும் அது மாறியது. ஃப்ளைவீல் கழலத் தொடங்கிவிட்டது.

“ஆஃப் பண்ணும்! எல்லாரும் எறங்குங்க!”

“ஏலே, கிறுக்கா புடிச்சிருக்கு?” என்றார் இசக்கிப்பாண்டி.

சாவியை நானே பிடுங்கினேன்.

ஃப்ளைவீலை மறைக்கிற கியர்பாக்ஸை இறக்க மூன்று மணி நேரம் ஆனது. இரண்டு போல்ட்டுக்குத் தலையே இல்லை. மூன்றாவது விரலோடு கழன்று வந்தது. குழல்வாய்மொழி உட்கார்ந்திருந்தது என்ஜினை ஒட்டிய முன் சீட்டில்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். சொல்லித்தான் ஆக வேண்டும்.

“அந்த எண்ணெயாலதான்க்கா. அப்பவே தெரியும். தொடச்சா மனசு கஷ்டப்படுவியளோன்னு…”

சாமி எண்ணெயைக் குறை சொன்னதற்கு வெடிப்பார் என்று தலையைக் குனிந்தேன். உடைந்த போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“எண்ணெ வச்சா கேடுன்னு எனக்கு எப்படிலே தெரியும்? ஒனக்குத் தெரியும்லா? நீ தொடச்சிருந்தா நான் ஒன்னைய என்ன செஞ்சிருவேன்னு நெனச்ச?”

நான் பையிலிருந்து புது போல்ட்களை எடுத்து வைத்தேன்.

“பத்து வருசமா எங்க வீட்டுச் சோத்தத் திங்க. எம் மவள இதுல ஏத்திவிடத் துணிஞ்சிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் துணியலையே, மீரானு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் போய் உட்கார்ந்தார். புது போல்ட்களைக் காயத் துடைத்து, அரக்குத் தடவி, ஒவ்வொன்றாக முடுக்கினேன். முடியும்வரை அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.