வாடகை மாட்டின் பக்கம்

பிச்சைமுத்துவுக்குச் சொந்தமாக ஒரு வண்டியும் செவலை மாடு ஒன்றும் இருந்தன. பாலிக் புலாவ் மேட்டில் ஜாதிக்காய் மூட்டைகளை ஏற்றி இறக்க ஒற்றை மாடு போதாது. ஜோடிக்கு இன்னொரு மாட்டைக் கெலுகோரில் வள்ளியம்மாவிடம் வாடகைக்கு எடுத்தான். வண்டிக்காரப் புருஷன் காய்ச்சலில் போனபோது அவளுக்கு மிஞ்சியது அந்த மயிலை மாடுதான். மாடு நடந்தால் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

கூலியில் பாதி வாடகைக்கே போனது. மிச்சத்தைப் புண்ணாக்கும் லாடமும் தின்றன. சொந்தமாக ஒரு ஜோடி வேண்டும் என்ற நினைப்பு அவனை விடவில்லை. அதற்கு வழியாக வந்தவை மோட்டார் காடிகள். மழை பெய்தால் போதும், மேட்டில் பாதி ஏறி முனகிக்கொண்டு நின்றுவிடும். வண்டியை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியில் வடம் கட்டி, காடியை மேலே இழுத்துவிட்டால் ஒரு நாள் கூலி கைக்கு வரும்.

வள்ளியம்மா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

“வண்டிக்குத்தான் மாடு விடுறேன். காடி இழுத்தேன்னு காதுல விழுந்துச்சு, அப்புறம் இருக்கு. அது செத்த பாரம்டா, மாட்டோட நெஞ்ச ஒடச்சிரும்.”

“நான் செய்வேனாக்கா?”

“செய்வே லா. மூஞ்சியப் பாத்தா தெரியலையா?”

அவன் சிரித்தான். அந்த வாரமே இழுத்தான்.

வடத்தின் முடிச்சு நுகத்தடிக்கு நடுவில் இருந்தால் இரண்டு கழுத்துக்கும் பாரம் சமம். நாலு விரல் நகர்த்தினால், நகர்ந்த பக்கத்து மாடு அதிகம் சுமக்கும். வாடகை மாடு பூட்டுகிறவன் முடிச்சை வாடகை மாட்டுப் பக்கம் நகர்த்துவான். வண்டிக்காரர்கள் கூடும் கொட்டகையில் யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. பிச்சைமுத்துவும் நகர்த்தினான். செவலையை அவன் கன்றிலிருந்து வளர்த்தவன்.

டுரியான் பழ சீசனில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. சீன முதலாளியான தவுக்கே ஒருவரின் பெரிய காடி வளைவில் சேற்றில் புதைந்து நின்றது. டிரைவர் வாசு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

“அண்ணே, காப்பாத்துங்க.”

“உள்ள இருக்கறவர எறங்கச் சொல்லு. பாரம் கொறையட்டும்.”

“எறங்க மாட்டாரு. கால்ல சப்பாத்து புதுசு.”

தவுக்கேயும் அவர் வாங்கிய டுரியான் கூடைகளும் உள்ளேயே இருந்தன. பாரத்தைப் பார்த்ததும் பிச்சைமுத்து முடிச்சை மயிலைப் பக்கம் இன்னும் இரண்டு விரல் தள்ளினான். மாடுகள் முக்கின. காடி சேற்றை விட்டுக் கிளம்பி மேட்டு உச்சிக்கு வந்தது. அங்கே மயிலை முன்காலை மடித்து உட்கார்ந்தது. வாயில் நுரை. அவன் வாலை முறுக்கினான், தண்ணீர் தெளித்தான். அது பக்கவாட்டில் சாய்ந்து செத்துப்போனது. வாசு காசை அவன் கையில் திணித்துவிட்டுக் கண்ணைப் பார்க்காமல் போனான்.

சேதி கேட்ட வள்ளியம்மா, இன்னொரு வண்டிக்காரன் அய்யாக்கண்ணுவின் வண்டியில் வந்து இறங்கினாள். அழவில்லை. குனிந்து மயிலையின் கழுத்தைத் தடவினாள். தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. பிறகு செவலையின் கழுத்தைத் தடவினாள். மயிர்கூட நலுங்கவில்லை.

“முடிச்சு எந்தப் பக்கம்டா இருந்துச்சு?”

அவன் நிலத்தைப் பார்த்தான்.

“எனக்குத் தெரியும். உன் வாயால சொல்லு.”

“மயிலைப் பக்கம்க்கா.”

அவள் செவலையின் கயிற்றை அவிழ்த்தாள். பூட்டில் வாடகை மாடு செத்தால், பூட்டியவனின் சொந்த மாடு செத்த மாட்டுக்கு உடையவரைச் சேரும். அது கொட்டகை வழக்கம். பிச்சைமுத்து தடுக்கவில்லை. செவலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அவள் பின்னால் நடந்தது.

மாடில்லாத வண்டியை விற்றுவிட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். அங்கே ஒரு காலையில் பழுதான லாரி ஒன்றை அய்யாக்கண்ணு மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ஒன்று அவன் மாடு. மற்றது செவலை. விலா எலும்பு தெரிந்தது. முடிச்சு செவலைப் பக்கம் இருந்தது.

பிச்சைமுத்து மூட்டையோடு நின்றான். “காடி இழுக்க வள்ளியம்மாக்கா விட்டுச்சா?”

“நீ கேட்டுட்டா இழுத்தே?”

“சரிண்ணே. முடிச்சையாவது நடுவுக்குத் தள்ளுங்க.”

“ஏன், உன் மாடா?” அய்யாக்கண்ணு சாட்டையை ஓங்கினான். “வாடகை மாடுதானடா.”

பிச்சைமுத்து மூட்டையைக் கீழே போட்டான். லாரிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கணக்கெழுதும் கிராணி கத்தினார், கூலியை வெட்டுவேன் என்றார். பட்டறை வாசல் வரை அவன் தோளை எடுக்கவில்லை.

மறு வாரமும் அய்யாக்கண்ணு ஒரு லாரியை இழுத்துக்கொண்டு அந்த வழியே போனான். முடிச்சு அதே செவலைப் பக்கம்தான் இருந்தது.