ஓவல் விரிப்புக்கு ரெண்டு கை

“முட்டையை முட்டைன்னு சொன்னா என்னடா தப்பு?”

“மெதுவா பேசுண்ணா. அண்ணி காதுல விழுந்தா இன்னைக்கு நமக்குப் பட்டினிதான்.”

“விழட்டுமே! ஒரு முனை கூரா இருக்கு, இன்னொரு முனை பானை வயிறு. தங்கச்சி பார்த்தா வயிறு வலிக்கச் சிரிப்பா.”

விழுந்துவிட்டது. ஹாலில் நாங்கள் பின்னிய விரிப்பைப் பற்றிச் சண்டை போட்டது என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றது நானும் என் ஓரகத்தியும்.

விஷயம் இதுதான். எங்கள் நாத்தனார் புதிதாக ஓவல் சாப்பாட்டு மேசை வாங்கியிருந்தாள். அதற்குக் குரோஷா விரிப்பு பின்னித் தருகிறோம் என்று நாங்கள் இருவரும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரேன். முடியலேன்னா சொல்லிடுங்க, கடையில ஒரு பிளாஸ்டிக் விரிப்பு பார்த்து வச்சிருக்கேன்” என்றாள். பிளாஸ்டிக்கிடம் தோற்பதா? எங்களுக்கு அது மானப் பிரச்சினை.

ஓவலுக்கு நடுவில் நீளமாக ஒரு சங்கிலி போட்டு, அதைச் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். பக்கங்களில் நேராகப் போய்விடலாம். இரண்டு முனை வளைவிலும்தான் கூடுதல் கண்ணி போட வேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு முனை என்று பங்கு பிரித்தோம். பாதிச் சுற்று முடிந்ததும் ஊசியை அடுத்தவளிடம் நீட்டுவோம். கண்ணிக் கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் அவள் கை இறுக்கம், என் கை தளர்வு. ஞாயிறு காலையில், இன்னும் சில சுற்று மிச்சமிருக்க, விரித்துப் பார்த்தபோதுதான் என் முனை பெருத்து, அவள் முனை கூராகியிருந்தது புரிந்தது.

“உங்க பக்கம்தான் தொளதொளன்னு கிடக்குக்கா.”

“உன் பக்கம் ஊசியே நுழைய மாட்டேங்குது. நூல் கழுத்தை ஏன்டி இப்படி நெரிக்கிற?”

“பிரிச்சிடலாமா?”

“பிரிச்சா பிளாஸ்டிக்தான்.”

திடீரென்று அவள் விரிப்பைத் திருப்பி என் மடியில் போட்டாள்.

“இனிமே என் முனையை நீங்க பின்னுங்க, உங்க முனையை நான் பார்த்துக்கறேன். உங்க தாராளம் கொஞ்சம் இந்தப் பக்கமும் வரட்டும்.”

மீதிச் சுற்றுகளை அப்படியே மாற்றிப் பின்னினோம். கொழுந்தனார் இரண்டு முனையும் சமமாகிறதா என்று டேப்பை வைத்து அளந்துகொண்டே இருந்தார். என் வீட்டுக்காரரோ கிரிக்கெட் வர்ணனை மாதிரி, “இன்னும் ஒரு விரக்கடைதான்... விடாதே, விடாதே!” என்று கத்தினார். காலையில் கேலி செய்த மனுஷன்தான்!

சாயங்காலம் நாத்தனாரோடு எல்லோரும் அவள் வீட்டுக்கே போனோம். மேசையில் விரித்ததும் படிந்து உட்கார்ந்தது. அவள் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“இதுல யாரு எந்தப் பக்கம் அண்ணி?”

“நீயே கண்டுபிடி பார்க்கலாம்.”

தடவிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், முடியவில்லை. என் ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தே விட்டாள்.

“அப்ப நாற்காலிக்கெல்லாம் ஓவல் மெத்தை உறை வேணும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பின்னணும், சொல்லிட்டேன்” என்றாள் நாத்தனார். நாங்கள் மறுபடியும் வாயைக் கொடுத்துவிட்டோம்.

அதனால்தான் இந்தக் கைவேலைக் குழுவில் கேட்கிறேன். சுற்றுக்குச் சுற்று முனையை மாற்றிக்கொண்டே போனால் போதுமா, இல்லை தளர்வான கைக்காரி சின்ன ஊசி எடுக்க வேண்டுமா? இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஓவல் பின்னியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பதில் போடுங்களேன்.