பாதியில் நின்ற செந்துளி

"பாதியில மருந்த நிறுத்திட்டீங்கன்னா, கைய விரிச்சிட்டீங்கன்னுதானம்மா அர்த்தம்?"

ஒலக்கூர்க் கெங்கம்மாள் சென்ற திங்கள் மார்பில் கண்ட புற்றுக்கு மருந்தேற்றிக்கொள்ள வந்தபோது இவ்வாறு வினவினாள். அந்நோய்க்கு மருத்துவம் பயிலும் கலைமதியோ, அடுத்த படுக்கைக்கு விரைந்துகொண்டிருந்தமையால், ஒரு புன்னகையை மட்டும் விடையாக விட்டுச் சென்றாள்.

இன்று மீண்டும் மருந்தேற்றும் நாள். கீழ்வானில் எழுந்த ஞாயிறு, திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட கரும்புக் கொல்லைகளைப் பொன்னால் மெழுகி, நெடுஞ்சாலையில் ஓயாது விரையும் ஊர்திகளின் கண்ணாடிகளில் சுடர்ந்து, சாலையோர மருத்துவக் கல்லூரியின் நீண்ட கூடத்துள் நுழைந்து, வரிசையாகத் தொங்கிய மருந்துப் பைகளைத் தொட்டு நின்றது. மூத்தவர் துணையின்றி முதன்முறை அக்கூடத்தைக் காத்து நின்ற கலைமதியின் நெஞ்சம், பருந்தின் நிழல் மேலே விழுந்த குஞ்சினைப் போல ஒடுங்கிற்று. செந்நிறமான அம்மருந்து நாளத்தினுள் ஓடும்வரை நோயை எரிக்கும். வழுவித் தோலின்கீழ்க் கசிந்தாலோ தசையையே எரிக்கும் என்பதை அவள் அறிவாள்.

"எரியுதாம்மா?" என்று கெங்கம்மாளின் புறங்கையில் ஊசியைப் பொருத்தி மருந்தை ஓடவிட்டபின் கேட்டாள்.

"சில்லுன்னுதான் இருக்குது. நீதான் வெளுத்துப் போய்க்கினு இருக்க. போய் ரெண்டு இட்லி துன்னுட்டு வா."

கூடம் நகைத்தது, கலைமதியும் நகைத்து நகர்ந்தாள். மறுமுறை அவ்வழி வந்தபோது, கெங்கம்மாளின் முகம் அமைதியாயிருக்க, போர்வைக்கு வெளியே கால்விரல்கள் மட்டும் முறுக்கிக்கொண்டிருக்கக் கண்டாள். கையை மூடியிருந்த முந்தானையை விலக்கினாள். புறங்கை வீங்கிக் கனல்போற் சிவந்திருந்தது. மருந்தை நிறுத்தி, கசிந்ததில் இயன்றதை ஊசிவழியே உறிஞ்சியெடுத்து, ஊசியைக் களைந்து, குளிர்பையை வைத்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவியே. எங்கூரு முருகையனுக்கு இப்படித்தான் வேற ஆசுபத்திரியில பாதியில நிறுத்தி வூட்டுக்கு அனுப்பினாங்க. கொல்லையில மல்லாட்டைக் கடலை புடுங்கறதுக்குள்ள போய்ட்டான்."

"உங்க கைய காப்பாத்தத்தாம்மா நிறுத்தினேன். பெரிய டாக்டரு பாத்ததும் இன்னொரு கையில ஏத்திடலாம்."

கெங்கம்மாள் அவளை நோக்கவில்லை. துளி விழாது நின்ற குழாயையே நோக்கினாள். கேட்ட அன்றே சொல்லப்படாத விடை, பின்னர் எத்துணை உண்மையாயினும், அச்சத்தின் செவியில் ஏறுவதில்லை.

தலைமை மருத்துவரை அழைக்க ஓடிய கலைமதி மீண்டபோது, படுக்கையில் குளிர்பை மட்டும் கிடந்தது. சாளரத்தின் வழியே, புண்பட்ட கையை நெஞ்சோடு அணைத்து வாயிலைக் கடக்கும் உருவம் தெரிந்தது. படியிறங்கி ஓடினாள். திண்டிவனப் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது.

"அம்மா, போவாதீங்க. நான் கைய விரிக்கலம்மா."

கெங்கம்மாள் திரும்பினாள். அவள் பார்வையில் சினமில்லை. தன்னால் இயன்றதைச் செய்து ஓய்ந்த ஒரு சிறுமியை மன்னிப்பவள் போல நோக்கி, நலமான கையால் கலைமதியின் கன்னத்தை ஒருமுறை தடவினாள். பின்னர்க் கம்பியைப் பற்றிப் பேருந்தின் படியேறிப் போனாள்.